பழைய கேரவனை வாங்கி கடற்கரையில் வாழலாமா? ஏசி மாட்டும் முன் போட வேண்டிய கணக்குகள்

கேரவன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஷூட்டிங் ஸ்பாட்தான். ஈசிஆரில் ஏதாவது ஒரு பங்களா வாசலில் நீளமான வண்டி நிற்கும், பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடும், உள்ளே ஏசியில் நடிகரோ நடிகையோ இருப்பார்கள். ஆனால் கொஞ்ச நாளாக வேறொரு ஆசை பலருக்கு வந்திருக்கிறது. பழைய டிரெய்லர் ஒன்றோ, ஓடி முடித்த வேன் ஒன்றோ வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, சோலார் எல்லாம் வைத்து, கரன்ட் கனெக்‌ஷனே இல்லாத இடத்தில் போய் இருக்கலாமே என்ற ஆசை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சவுக்குத் தோப்பு, இல்லையென்றால் செங்கல்பட்டு பக்கம் ஏதாவது ஒரு ஏரிக்கரை. நினைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

இதில் ஒரு கசப்பான பாடமும் இருக்கிறது. 2024 டிசம்பர் 23-ம் தேதி, கேரள மாநிலம் கோழிக்கோடு மாவட்டம் வடகரா அருகே சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். அடிதடி இல்லை, தீ விபத்து இல்லை. ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று கோழிக்கோடு என்ஐடி நிபுணர்கள் நடத்திய ஆய்வில் தெரியவந்தது.

எனவே, ‘என்னென்ன மாட்டலாம்?’ என்று ஆரம்பிப்பதைவிட, ‘எதெது இல்லாமல் இருக்க முடியும்?’ என்று ஆரம்பிப்பதுதான் சரி. அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது?

உல்லாசப் பயணத்துக்கென்றே செய்த முதல் கேரவன்களில் ஒன்று இங்கிலாந்தில் 1885-ல் உருவானது. வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற எழுத்தாளர் செய்யச் சொன்ன ‘தி வாண்டரர்’ என்ற அந்த வண்டியை இழுத்தவை குதிரைகள். அமெரிக்காவில் 1930-களில் வாலி பையம் உருவாக்கிய ‘ஏர்ஸ்ட்ரீம்’ என்ற வெள்ளி நிற அலுமினிய டிரெய்லர்தான், இன்று பழைய கேரவன் என்றால் உலகம் முழுக்க நினைவுக்கு வரும் உருவம். 1959-ல் இந்த டிரெய்லர்கள் கூட்டமாகத் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் கிளம்பி, ரோடே இல்லாத பல இடங்களைக் கடந்து எகிப்தின் கெய்ரோ வரை போய்ச் சேர்ந்தன. 1969-ல் நிலாவுக்குப் போய்த் திரும்பிய ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரையும் முதலில் தனிமைப்படுத்தி வைத்ததும் ஏர்ஸ்ட்ரீமை மாற்றிச் செய்த ஒரு பெட்டிக்குள்தான்.

நம்மூரிலும் ஓர் உதாரணம் உண்டு. நாமக்கல்லைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு, ஒரு ஆட்டோவின் மேல் 36 சதுர அடியில் வீடு கட்டினார். ‘சோலோ 0.1’ என்ற அந்த வீடு 2020-ல் சமூக ஊடகங்களில் பெரிய அளவில் பரவியது. செலவு சுமார் 1 லட்சம் ரூபாய். படுக்கை, சமையலிடம், கழிவறை, 600 வாட் சோலார், 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் இருந்தன. சின்ன இடத்தில் எவ்வளவு அடக்க முடியும் என்பதற்கு அது நல்ல பாடம். இன்னொரு பாடமும் அதில் ஒளிந்திருக்கிறது. 250 லிட்டர் தண்ணீர் என்றால் 250 கிலோ. ஆட்டோவில் ஏற அனுமதியுள்ள மூன்று பயணிகளின் எடையைவிட அது அதிகம். தொட்டி நிரம்பியிருந்தால் அது நிற்கும் வீடு, ஓடும் வீடு அல்ல. இந்த எடைக் கணக்குக்குப் பிறகு வருவோம்.

வண்டிக்கு முன்னால் பேப்பர்: சட்டம் என்ன சொல்கிறது?

பட்டறையில் போய்க் கேட்டால், “அதெல்லாம் செஞ்சுடலாம் சார்” என்ற பதில் உடனே வரும். செய்யலாம்தான். ரோட்டில் ஓட்டலாமா என்பது வேறு கேள்வி.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி, இன்ஜின் இல்லாத டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்கும் பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் நம்பரும் டிரெய்லரில் தெரிய வேண்டும். ஆர்சி இல்லாத பழைய டிரெய்லர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அதைப் பொது ரோட்டில் இழுத்துப்போக முடியாது.

அதே சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் இதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூரையை வெட்டி உயர்த்துவது, சேசிஸை நீட்டுவது போன்றவை எல்லாம் இதில் வந்துவிடும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கோரிக்கையிலும் முதலில் இதைத்தான் தோண்டுவார்கள்.

முறையான வழி என்று ஒன்று இருக்கிறது. அனுமதி பெற்ற பாடி கட்டும் நிறுவனம் மூலம், சோதனை அமைப்பின் ஒப்புதல் பெற்ற வடிவமைப்பில் கேரவனாகக் கட்டி, அப்படியே பதிவுசெய்வது. பஸ் பாடி கட்டுவதற்குப் பேர்போன கரூர், நாமக்கல் பக்கம் இந்த வேலையை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் மத்திய அரசு மையம் ஒன்று ஒரகடத்திலேயே இயங்குகிறது. பணம் கொடுக்கும் முன் உங்கள் பகுதி ஆர்டிஓ அலுவலகத்தில், செங்கல்பட்டு என்றால் டிஎன் 19-ல், ஆர்சி நகலைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

‘50 வருஷப் பழசு, விண்டேஜ் வண்டியா பதிஞ்சுக்கலாமே?’ என்று சிலர் கேட்பார்கள். 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதிகள் 50 ஆண்டுகளைத் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கானவை. அதிலும் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது, கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். அதாவது, வீடாக மாற்றினால் அது விண்டேஜ் அல்ல. விண்டேஜாகவே இருந்தால் அதில் வாழ முடியாது.

வெட்டாமல், வெல்டு வைக்காமல், கழற்றி மாட்டக்கூடிய கட்டில், பெட்டி அடுப்பு, கையில் தூக்கும் பேட்டரிப் பெட்டி என்று போனால் சிக்கல் குறைவு. முதல் முயற்சிக்கு அதுவே போதும்.

பழைய வண்டியில் எதைப் பார்த்து வாங்குவது?

வெளிப் பளபளப்பைப் பார்க்காதீர்கள், கீழே படுத்துப் பாருங்கள். பழைய டிரெய்லர்களில் பெரும்பாலும் சேசிஸ் இரும்பு, மேல்தோல் அலுமினியம், தரை பிளைவுட். மூன்றுக்கும் மூன்று நோய்.

இரும்பு துருப்பிடிக்கும், அது தெரிந்ததுதான். இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புக் காற்றின் ஈரம் பட்டால், அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கத் தொடங்கும். கோவளத்தில் இருந்து கல்பாக்கம் வரை கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஜன்னல் கம்பி, கேட், ஏசி அவுட்டோர் என்று எதுவும் நீடிப்பதில்லை என்பது தெரியும். வண்டிக்கும் அதே கதிதான். இரண்டு உலோகமும் சேருமிடத்தில் ரப்பரோ நைலானோ வைத்துப் பிரிக்க வேண்டும். இரும்புக்கு துத்தநாக பிரைமர் அடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

தரையை ஸ்க்ரூடிரைவரால் ஓரங்களில் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் பிளைவுட் உளுத்துவிட்டது என்று அர்த்தம். ஜன்னல், கூரை இணைப்பு வழியாகப் பல வருடம் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும். ஒழுக்கை அடைக்காமல் தரையை மாற்றினால் இரண்டு ஐப்பசியில் மறுபடியும் அதே கதைதான்.

தேர்வு இருந்தால் ஃபைபர் உடம்பு உள்ள வண்டி இந்தக் கரைக்குப் பொருத்தம். அது துருப்பிடிக்காது. விரிசல் விட்டாலும் கவலை இல்லை. ஃபைபர் போட் ஓடும் மீனவர் குப்பங்களில் ரெசின் வைத்து ஒட்டத் தெரிந்த கைகள் இருக்கின்றன.

எடையும் மண்ணும்

ரோடு இல்லாத இடத்துக்குப் போக வேண்டும் என்றால் பெரிய டயரும் உயர்ந்த ஸ்பிரிங்கும்தான் முதலில் மனதில் வரும். உண்மையில் முதல் வேலை எடையைக் குறைப்பது. தார் ரோட்டில் தெரியாத 200 கிலோ, மணலில் உடனே தெரியும். தண்ணீர் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றே 50 கிலோவுக்கு மேல். மரச் சாமான்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு ஏதாவது ஒரு எடை மேடையில் ஏற்றி, ஆர்சியில் உள்ள மொத்த எடைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது அவசியம்.

டிரெய்லராக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பக்கக் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். 1,000 கிலோ வண்டிக்கு 100 முதல் 150 கிலோ. பின்பக்கம் பாரம் அதிகமானால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆடும். ஓடும்போது உள்ளே ஆளும் கூடாது.

மண் விஷயத்தில் செங்கல்பட்டு மாவட்டம் இரண்டு விதம். கடலோரம் மணல், அங்கே டயர் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கிடைக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும். உள்ளே போகப் போக ஏரி, வயல். கோடையில் காய்ந்து கட்டாந்தரையாக இருக்கும் ஏரி ஓரத் தடம், வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் சேறாகிவிடும். அங்கே எவ்வளவு பெரிய டயரும் உதவாது, டிராக்டர்தான் வர வேண்டும்.

சோலார் போதுமா? கணக்கு இதோ

மாமல்லபுரம் பக்கம் தெளிவான நாளில் சுமார் 5 மணி நேரம் முழு வெயிலுக்குச் சமமான சூரிய ஒளி கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 12.6 பாகையில்தான் இருக்கிறோம். அதனால் பேனலைக் கூரையில் தட்டையாக வைத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. தென்னை மர நிழல் விழாமல் இருப்பதுதான் முக்கியம்.

இரண்டு பேருக்கு ஒரு நாள் தேவையைப் பார்ப்போம்.

5 வாட் எல்இடி விளக்கு மூன்று, 5 மணி நேரம்: 75 வாட்-மணி.
30 வாட் பிஎல்டிசி ஃபேன் இரண்டு, 12 மணி நேரம்: 720.
12 வோல்ட்டில் ஓடும் சின்ன ஃபிரிட்ஜ்: சுமார் 500.
போன், லேப்டாப்: 150.
தண்ணீர் பம்ப்: 20.

மொத்தம் சுமார் 1,465, அதாவது ஒன்றரை யூனிட். 400 வாட் பேனல், 5 மணி நேரம், வழியில் கால் பங்கு இழப்பு போக 1,500 வாட்-மணி தரும். சரியாகப் போய்விடும். ராத்திரிக்குச் சேமிக்க 12.8 வோல்ட், 100 ஏஹெச் லித்தியம் பேட்டரி ஒன்று 1.28 யூனிட் தாங்கும். மேகமூட்டமான நாளையும் நினைத்தால் இரண்டு வேண்டும். வீட்டு டியூபுலர் பேட்டரி மலிவுதான். ஆனால் 150 ஏஹெச் என்று எழுதியிருந்தாலும், பாதிக்கு மேல் தினமும் இறக்கினால் சீக்கிரம் போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகையில் பேனலின் வரவு பாதியாகும் நாட்கள் நிறைய வரும். அன்றைக்கு ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு, ஒரு ஃபேனில் சமாளித்தால் 605 வாட்-மணியில் ஓட்டிவிடலாம். கரன்ட் கனெக்‌ஷன் இல்லாமல் வாழ்வது என்றால் இதுதான். வரவைப் பார்த்துச் செலவு.

அப்போ ஏசி?

ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி, சராசரியாக 600 வாட் என்று வைத்தாலும், 8 மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 5 யூனிட். மற்ற எல்லாத் தேவையையும் சேர்த்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல். அதற்காக மட்டும் இன்னும் 1,300 வாட் பேனலும், நான்கு லித்தியம் பேட்டரியும் வேண்டும். 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் உள்ள சின்ன டிரெய்லரின் கூரை முழுக்கப் பேனலாகிவிடும். அப்படிச் செய்தாலும் மழைக்காலத்தில் ஓடாது.

இந்த இடத்தில்தான் ஜெனரேட்டர் உள்ளே வருகிறது. வடகராவில் நடந்தது அதுதான். ஆட்கள் உள்ளே இருக்க, ஏசிக்காக ஜெனரேட்டர் ஓடியது. வண்டியின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாகப் புகை வாயு உள்ளே ஏறியது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம் என்று தொடங்கும். தூங்குபவருக்கு அதுவும் தெரியாது. ஏசிக்காக ஜன்னலை எல்லாம் மூடியிருப்பதால் வெளியேறவும் வழி இருக்காது.

பழைய வண்டியில் வயர், பைப் போன ஓட்டைகள் தளத்தில் எப்போதும் இருக்கும். அவற்றை ஒன்றுவிடாமல் அடையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டில் பக்கத்தில் மாட்டுங்கள். ஜெனரேட்டரை வண்டிக்குள்ளோ, அடியிலோ, ஜன்னலை ஒட்டியோ வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. வண்டி இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் அதே ஆபத்துதான்.

ஏசி இல்லாமல் புழுக்கத்தை எப்படிச் சமாளிப்பது?

அக்னி நட்சத்திரத்தில் இந்தக் கரையில் ராத்திரியும் வெப்பம் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. தகரப் பெட்டிக்குள் படுப்பது விளையாட்டு அல்ல. முதலில் வெயில் உள்ளே வராமல் தடுக்க வேண்டும். கூரைக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிக்கலாம். பேனலைக் கூரையோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட்டு மாட்டினால், அதுவே ஒரு குடை. சுவருக்கும் உள் பலகைக்கும் நடுவே தெர்மோகோல் வகை ஃபோம் பலகை வைக்கலாம். நின்றுவிட்ட இடத்தில் கீற்றுப் பந்தல் போட்டால் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

அடுத்தது காற்று. கோடையில் பகலில் கடற்காற்று கிழக்கில் இருந்தும் தென்கிழக்கில் இருந்தும் வரும். ராத்திரி பின்னேரத்தில் தரைக்காற்று மேற்கில் இருந்து திரும்பும். எதிரெதிரே ஜன்னல் வைத்து, அந்த இரண்டு பக்கத்தையும் பார்க்க வண்டியை நிறுத்தினால் ஃபேனுக்கு வேலை குறையும். கொசுவலை இல்லாத ஜன்னல் வீண்.

சமையலை வெளியே வைத்துக்கொள்வது நல்லது. சூடும் உள்ளே ஏறாது, கேஸ் ஆபத்தும் குறையும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். 5 கிலோ சிலிண்டர் போதும். அதையும் தூங்கும் இடத்துக்கு வெளியே வையுங்கள்.

எங்கே நிறுத்துவது?

இதுதான் கடைசிக் கேள்வி, ஆனால் பலர் கேட்கவே மறக்கும் கேள்வி. கடற்கரை மணலில் நேராக நிறுத்தலாமா? கூடாது. உயர் அலைக் கோட்டில் இருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. மணல்மேடுகளைக் கலைக்கக் கூடாது. அதைவிட முக்கியம், ஜனவரியில் தொடங்கி பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட வரும். சுமார் 45 நாளில் பொரிக்கும் குஞ்சுகள் வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நினைத்துப் போகும். உங்கள் கேரவன் வாசலில் எரியும் ஒரு விளக்கு போதும், அவை வழிதவறிச் சாக. டயர் தடத்தில் விழுந்தாலும் ஏற முடியாமல் கிடக்கும்.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. வேடந்தாங்கலில் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம். ஏரிக்கரை நம் இடம் அல்ல, ஊரார் இடம். கழிவுத் தண்ணீரை அங்கே விட்டால் ஆடு மாடு குடிக்கும் தண்ணீர் கெடும். ஆளுக்கு 20 லிட்டர் என்று சிக்கனமாக இருந்தாலும், இரண்டு பேருக்கு தினம் 40 லிட்டர். அதில் பெரும்பகுதி கழிவாகத்தானே வரும்? கழிவறைப் பெட்டியை செப்டிக் டேங்க் உள்ள இடத்தில் மட்டுமே கொட்ட வேண்டும்.

நடைமுறையில் சரியான இடம், சொந்தக்காரர் வாய்விட்டுச் சம்மதித்த ஒரு தோப்பு. அங்கே நல்ல தண்ணீர் கிணறு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கடலோரத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு.

புயலையும் மறக்கக் கூடாது. 2022 டிசம்பர் 9-ம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. லேசான டிரெய்லருக்கு அந்தக் காற்று தாங்காது. ஆனால் வீட்டைப் போல அல்லாமல் இதற்குச் சக்கரம் இருக்கிறது. எச்சரிக்கை வந்ததுமே, மரங்கள் விழும் முன், ஈசிஆரை விட்டு உள்ளே திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு பக்கம் இழுத்துப் போய்விட வேண்டும். அதற்கு டயரில் காற்றும், கையில் செல்லுபடியாகும் ஆர்சியும் இருக்க வேண்டும்.

முடிவாக

பணம் கட்டும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். மே மாதத்தில் ஒரு ராத்திரி, அந்த வண்டியிலோ அதே அளவு வேறொரு வண்டியிலோ, ஒரு ஃபேனும் இரண்டு குடம் தண்ணீரும் மட்டும் வைத்துக்கொண்டு படுங்கள். காலையில் எழுந்ததும் இன்னொரு ராத்திரி இருக்கலாம் என்று தோன்றினால், ஆர்சியைச் சரிபார்த்துவிட்டு தாராளமாக வேலையை ஆரம்பிக்கலாம். ஏசி இல்லாமல் முடியவே முடியாது என்று தோன்றினால், கரன்ட் கனெக்‌ஷன் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். ஜெனரேட்டர் பக்கம் மட்டும் போகாதீர்கள்.